பிரஸ்ஸல்ஸில் சாக்லேட் தேடி: மூன்று நாளுக்கான முழுமையான வழிகாட்டி

பிரஸ்ஸல்ஸுக்கு வரும் நம்மவர்களில் பலர் சாக்லேட்டை முதல் நாளே வாங்கி முடித்துவிடுகிறார்கள். ரயிலை விட்டு இறங்கி, கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தைப் பார்த்துவிட்டு, மனெக்கன் பிஸ் சிலைக்குப் போகும் தெருவில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளில் ஐந்தாறை அள்ளிக்கொள்கிறார்கள். மறுநாள் ஒரு நல்ல கடையில் ஒரே ஒரு துண்டைச் சுவைத்ததும்தான் வித்தியாசம் புரிகிறது. அதற்குள் பெட்டி நிறைந்துவிட்டது, கையிலிருந்த யூரோவும் கரைந்துவிட்டது.

இந்த ஊரில் எந்தக் கடைக்குப் போகிறோம் என்பதைவிட எந்த வரிசையில் போகிறோம் என்பதுதான் முக்கியம். முதலில் செய்முறையைப் பார்க்க வேண்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைக்க வேண்டும், வாங்குவது கடைசி நாளில். கீழே உள்ள படிகள் மூன்று நாள் தங்குபவர்களுக்காக எழுதியவை. இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் 4-ஆம் படியை விட்டுவிடுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. தொழிற்சாலை என்று எதை எதிர்பார்க்கிறீர்கள்?

உலகின் மிகப் பெரிய சாக்லேட் ஆலை பிரஸ்ஸல்ஸுக்கு வடமேற்கே வீஸ என்ற சிற்றூரில் இருக்கிறது. காலெபோ சாக்லேட் அங்கேதான் தயாராகிறது. யானைச் சின்னம் போட்ட கோட் டோர் சாக்லேட்டின் ஆலை தென்மேற்கே ஹாலே என்ற ஊரில் இருக்கிறது. வரைபடத்தில் இவற்றைப் பார்த்ததும் போய்ப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். இவை சுற்றிப் பார்ப்பதற்காகத் திறந்து வைத்த இடங்கள் அல்ல. தூசி, முடி, ஈரம் எதுவும் உள்ளே போகக் கூடாத உணவு ஆலைகளில் பயணிகளை நடமாட விடுவதில்லை.

நீங்கள் பார்க்கக்கூடியவை வேறு: செய்து காட்டும் அருங்காட்சியகம், நீங்களே செய்து பார்க்கும் பயிற்சி வகுப்பு, கோக்கோ கொட்டையை அங்கேயே வறுக்கும் சிறிய பட்டறை, அப்புறம் பெரிய நிறுவனங்களின் ஆலையை ஒட்டிய விற்பனைக் கடை. இந்த நான்கும் போதும். சொல்லப்போனால், பெரிய ஆலைக்குள் குழாய்களையும் தொட்டிகளையும் பார்ப்பதைவிட இவற்றில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பிரஸ்ஸல்ஸின் பெரும்பாலான சாக்லேட் கடைகள் கோக்கோ கொட்டையிலிருந்து சாக்லேட் செய்வதில்லை. காலெபோ, பெல்கோலாட் போன்ற நிறுவனங்களிடம் கூவெர்ச்சர் எனப்படும் மூலச் சாக்லேட்டை வாங்கி, உருக்கி, பதம் பார்த்து, உள்ளே பூரணம் வைத்து பிரலின் செய்கின்றன. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அவர்களின் கைவண்ணம் பூரணத்தில் இருக்கிறது. கொட்டையிலிருந்தே தொடங்குபவர்கள் சிலர்தான்: பியர் மார்க்கோலினி, ஃப்ரெடரிக் ப்ளொண்டீல் போன்றவர்கள். முதல் வகைக் கடையில் பூரணத்தையும், இரண்டாம் வகைக் கடையில் எதுவும் கலக்காத சாக்லேட் பட்டையையும் சுவைக்க வேண்டும். இதை மாற்றிச் செய்துவிட்டு, இவ்வளவு விலைக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

2. கிளம்புவதற்கு முன்

மாதம்: அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நல்லது. குளிர் இருந்தால் சாக்லேட் பையில் உருகாது. புனித நிக்கோலஸ் நாளான டிசம்பர் 6-க்கு முந்தைய வாரங்களிலும், ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களிலும் கடைகள் முழு அலங்காரத்தில் இருக்கும். அந்தப் பருவத்துக்கு மட்டுமே செய்யும் உருவங்களும் முட்டைகளும் கிடைக்கும். கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் சில சிறிய கடைக்காரர்கள் விடுமுறை எடுத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். கோடையில்தான் வர முடியும் என்றால், நீங்கள் பார்த்தே ஆக வேண்டிய சிறிய கடைகள் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாள்: திங்கட்கிழமையைச் சாக்லேட் நாளாக வைக்காதீர்கள். அன்று மூடியிருக்கும் அருங்காட்சியகங்களும் சிறிய கடைகளும் உண்டு. மாலை ஆறு, ஏழு மணிக்குள் பெரும்பாலான நல்ல கடைகள் சாத்திவிடும். இரவு உலாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அந்த நேரத்தில் திறந்திருப்பது சிலைக்குப் பக்கத்துத் தெருவின் பெட்டிக் கடைகள்தான்.

முன்பதிவு: பயிற்சி வகுப்புக்கு மட்டும் கட்டாயம் தேவை. வார இறுதி இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். பதிவு செய்யும்போது எந்த மொழியில் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். பிரெஞ்சு, டச்சு, ஆங்கிலம் மூன்றும் புழங்கும் ஊர் இது.

எடுத்துச் செல்ல வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு தண்ணீர் பாட்டில், உப்பும் இனிப்பும் அதிகமில்லாத பிஸ்கட், காற்றுப் புகாத ஜிப் கவர்கள், சூடு தாங்கும் மதிய உணவுப் பை ஒன்று. துண்டுகளைப் பாதியாக வெட்ட ஒரு சிறு கத்தி இருந்தால் இரண்டு பேர் ஒரே துண்டைப் பகிர்ந்துகொள்ளலாம். வயிறும் தாங்கும், செலவும் பாதி. கத்தியை விமானத்தில் சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

3. முதல் நாள் காலை: செய்முறையைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் இதைச் செய்வதற்குக் காரணம் உண்டு. பளபளப்பு எதனால் வருகிறது, உடைக்கும்போது டக்கென்று சத்தம் ஏன் கேட்கிறது என்பது தெரியாமல் கடைக்குள் போனால், பெட்டியின் அழகைப் பார்த்துத்தான் முடிவெடுப்போம்.

இரண்டு இடங்கள் இருக்கின்றன. கோகெல்பெர்க் பகுதியில், பழைய விக்டோரியா பிஸ்கட் ஆலையின் கட்டடத்தில் 2014-இல் திறந்த பெல்ஜியன் சாக்லேட் வில்லேஜ் ஒன்று. மெட்ரோவில் சிமோனி நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். மத்திய நிலையத்திலிருந்து வருபவர்கள் ஆர்-லுவா நிலையத்தில் வண்டி மாறி 2 அல்லது 6-ஆம் தடத்தைப் பிடிக்கலாம். இன்னொன்று சோக்கோ ஸ்டோரி. மனெக்கன் பிஸ் சிலை இருக்கும் தெருவிலேயே இருக்கிறது. இங்கே பிரலின் செய்து காட்டுவார்கள்.

இரண்டுக்கும் போக வேண்டியதில்லை. குழந்தைகளோடு வந்திருந்தாலோ நேரம் குறைவாக இருந்தாலோ சோக்கோ ஸ்டோரி. அரை நாள் ஒதுக்க முடியும் என்றால் கோகெல்பெர்க். என் தேர்வு கோகெல்பெர்க்தான். கூட்டம் குறைவு, கோக்கோ மரம் வளரும் கண்ணாடிக் கூடம் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோக்கோவைப் பார்த்தவர்களுக்கு மரம் புதிதாக இருக்காது. ஆனால் காயை உடைத்த பிறகு நடப்பதை நம்மில் பலர் பார்த்ததில்லை. அதில் கவனம் வையுங்கள்.

குறிப்பாக மூன்று இடங்களில் நின்று பாருங்கள். முதலாவது புளிக்க வைத்தல். காயிலிருந்து எடுத்த கொட்டையில் சாக்லேட் வாசனையே இருக்காது. சதையோடு சேர்த்துச் சுமார் ஒரு வாரம் புளிக்க வைத்து, வெயிலில் காய வைத்த பிறகுதான் அந்த மணத்துக்கான அடிப்படை உருவாகிறது. இந்த வேலை தோட்டத்திலேயே முடிந்துவிடும். அங்கே கெட்டுப்போனால் பிரஸ்ஸல்ஸில் யாராலும் சரிசெய்ய முடியாது. இரண்டாவது வறுத்தல். ஒரே கொட்டை, வறுக்கும் சூட்டைப் பொறுத்துப் பழ வாசனையாகவும் போகும், கருகல் கசப்பாகவும் போகும். மூன்றாவது கொன்ச்சிங். அரைத்த விழுதை மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், சூடாக வைத்துக் கிளறிக்கொண்டே இருப்பது. புளிப்பு நெடி பறந்து, நாக்கில் மணல் போல் நெருடாத மென்மை இங்கேதான் வருகிறது.

அன்று மதியம் ஃப்ரெடரிக் ப்ளொண்டீலின் கடைக்குப் போகலாம். அதுவும் கோகெல்பெர்க் பக்கம்தான். வறுப்பதும் அரைப்பதும் அங்கேயே நடக்கும் இடம். காலையில் படமாகப் பார்த்ததை இங்கே மணமாகப் பிடிக்கலாம். ஒரு பட்டையும் ஒரு கோப்பை சூடான சாக்லேட்டும் போதும். முதல் நாளின் சுவைத்தல் இத்தோடு முடியட்டும்.

4. முடிந்தால் ஒரு பயிற்சி வகுப்பு

மோன் தெ ஆர் தோட்டத்துக்கு அருகே ரவென்ஸ்டைன் தெருவில் இருக்கும் லோரன் ஜெர்போவின் கடை உட்படப் பல இடங்களில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேர வகுப்புகள் நடக்கின்றன. வகுப்பில் நீங்கள் செய்ததை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் பணம் கொடுத்து உட்கார்வதற்கு உண்மையான காரணம் டெம்பரிங், அதாவது சாக்லேட்டைப் பதம் பார்த்தல் என்ற ஒரே வேலையைக் கண்ணால் பார்ப்பது.

கோக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வகைதான் வேண்டும். அதுதான் பளபளக்கும், உடைத்தால் சத்தம் போடும், வாய்ச் சூட்டில் உருகும். அதைப் பெற, டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27 அல்லது 28 டிகிரிக்கு இறக்கி, மறுபடி 31 அல்லது 32-க்கு ஏற்றுவார்கள். மில்க் சாக்லேட்டுக்கு ஓரிரு டிகிரி குறைவு. பாகு வைக்கும்போது ஒரு கம்பிப் பதம் தாண்டினால் பலகாரம் மாறிவிடும் அல்லவா, அதே கணக்குதான்.

வகுப்பில் எல்லோரும் செய்யும் தவறு அவசரம். பளிங்குக் கல்லில் சாக்லேட்டைப் பரப்பித் தேய்க்கும்போது கெட்டியாகத் தொடங்கியதுமே அள்ளிவிடுவார்கள். வெப்பமானியைப் பார்த்துச் செய்யுங்கள். சரியாக வரவில்லை என்றால் நல்லதுதான்; வெளிறிய கோடுகள் விழுந்த அந்தத் துண்டு எப்படி இருக்கும் என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கடையில் அதே கோடுகளைக் கண்டால் அடையாளம் தெரியும்.

இன்னொரு விஷயம்: பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் உருகிய சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும். கையைக் கழுவினால் நன்றாகத் துடைத்துவிட்டு வாருங்கள்.

5. இரண்டாம் நாள்: மேலிருந்து கீழே நடங்கள்

பிரஸ்ஸல்ஸ் மேட்டிலும் பள்ளத்திலும் இருக்கும் ஊர். கிராண்ட் பிளாஸ் பள்ளத்தில், சாப்லோன் சதுக்கம் மேட்டில். எல்லோரும் கீழிருந்து தொடங்கி மேலே ஏறுகிறார்கள். நீங்கள் டிராமிலோ நடந்தோ நேராகச் சாப்லோனுக்குப் போய், அங்கிருந்து இறங்கி வாருங்கள். கால் வலி குறையும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், நுணுக்கமான சாக்லேட் மேலே இருக்கிறது, இனிப்பு தூக்கலான சாக்லேட் கீழே இருக்கிறது. நாக்கு தெளிவாக இருக்கும் காலை நேரத்தை மேலே செலவழிக்க வேண்டும்.

சாப்லோன், காலை பத்து மணிக்குப் பிறகு. ஒரே சதுக்கத்தில் மார்க்கோலினி, விட்டமர், நியூஹவுஸ் என்று அடுத்தடுத்து இருக்கும் இடம். மார்க்கோலினியில் ஒரே நாட்டுக் கொட்டையில் செய்த பட்டையைக் கேளுங்கள். விட்டமர் 1910-இலிருந்து நடக்கும் கேக் கடை. இங்கே பிரலினைவிட உட்கார்ந்து ஒரு சாக்லேட் கேக்கைப் பகிர்ந்துகொள்வது நல்லது. சனி, ஞாயிறுகளில் சதுக்கத்தில் பழம்பொருள் சந்தை கூடும். சந்தையும் பார்க்க வேண்டும் என்றால் அன்று வாருங்கள். சாக்லேட் மட்டும்தான் நோக்கம் என்றால் வாரநாளில் வாருங்கள். விற்பவர் நின்று பேச அன்றுதான் நேரம் கிடைக்கும்.

ரவென்ஸ்டைன் தெரு, நண்பகலுக்கு முன். லோரன் ஜெர்போவின் கடையில் உலர்ந்த பழம், கொட்டை, மசாலா சேர்த்த சாக்லேட்கள் சிறப்பு. இஞ்சி, அத்தி, ஆரஞ்சுத் தோல் போன்றவை நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். மதுவும் க்ரீமும் வேண்டாதவர்களுக்கு இங்கே தேர்வு அதிகம்.

இதற்குப் பிறகு ஒரு நல்ல இடைவேளை. உப்புள்ளதாக ஏதாவது சாப்பிடுங்கள். வறுத்த உருளைக்கிழங்கு இந்த ஊரில் எங்கும் கிடைக்கும். இனிப்பு மேல் இனிப்பாகப் போனால் பிற்பகலில் எல்லாம் ஒரே சுவையாகிவிடும்.

செயின்ட் ஹூபர்ட் காலரி, பிற்பகல். கண்ணாடிக் கூரை போட்ட இந்த நடைபாதையில்தான் நியூஹவுஸின் முதல் கடை இருக்கிறது. 1912-இல் பூரணம் வைத்த பிரலின் இங்கேதான் பிறந்தது. 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்காக உருவாக்கிய காப்ரீஸ், டென்டாசியான் என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள். கொட்டையும் சர்க்கரைப் பாகும் சேர்ந்த நூகட்டீன் என்ற முறுகலான ஓட்டுக்குள் மென்மையான பூரணம். கடிக்கும்போது இரண்டும் சேர்வதுதான் பெல்ஜியப் பாணி என்பது ஒரே துண்டில் விளங்கிவிடும். மேரி என்ற 1919-ஆம் ஆண்டுக் கடையின் பிரலின்களையும் ஒப்பிட வேண்டும் என்றால், ராயல் தெருவில் இருக்கும் அவர்களின் கடைக்கு நேரம் ஒதுக்குங்கள்.

கடைசியாக ஏதாவது ஒரு லியோனிடாஸ் கடை. விலை குறைவு, அதனால் தரமும் குறைவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர்களுடைய மனோன், வெள்ளைச் சாக்லேட்டுக்குள் காபி க்ரீமும் ஹேசல்நட்டும் வைத்தது, இந்த ஊர்க்காரர்களே விரும்பி வாங்குவது. நல்ல இனிப்பு, அதனால்தான் கடைசியில்.

ஒரு நாளைக்கு ஐந்து கடைக்கு மேல் வேண்டாம். ஆறாவது கடையில் நீங்கள் சுவைப்பது சாக்லேட்டை அல்ல, சர்க்கரையை மட்டும்தான்.

6. கடைக்குள் நுழைந்ததும்

முதலில் வணக்கம் சொல்லுங்கள். போன்ஜூர் என்ற ஒரு சொல் போதும். எதுவும் சொல்லாமல் நேராகக் கண்ணாடிப் பெட்டியைச் சுட்டிக் காட்டுவது இங்கே மரியாதைக் குறைவு. வணக்கம் சொன்னவருக்கும் சொல்லாதவருக்கும் கிடைக்கும் கவனிப்பில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் பேசலாம்.

பிரலின்களை நீங்கள் தொடக் கூடாது. கையுறை போட்டவர் எடுத்துத் தருவார். விலை எடைக்குத்தான். கிலோ விலை எழுதியிருப்பதைப் பாருங்கள். பெட்டி விலையைப் பார்த்தால் ஒப்பிட முடியாது. இரண்டாம் நாளில் பெட்டியே வேண்டாம். இரண்டு, மூன்று துண்டு மட்டும் சிறு காகிதப் பையில் கேளுங்கள். பெரும்பாலான கடைகளில் தயங்காமல் தருவார்கள்.

பெட்டி வாங்கும் நாளில் பாலொத்தான் என்று கேளுங்கள். கால் கிலோவிலிருந்து அளவுகள் உண்டு. கால் கிலோ என்றால் ஏறக்குறைய இருபது துண்டு. முன்பே கட்டி வைத்த பெட்டியை எடுக்காமல், நீங்கள் குறித்து வைத்ததைச் சொல்லி நிரப்பச் சொல்லுங்கள். விலை பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் உங்களுக்குப் பிடிக்காத எதுவும் பெட்டிக்குள் வராது.

இலவசமாகச் சுவைக்கத் தருவார்களா என்று கேட்டுக்கொண்டே கடை கடையாகப் போகாதீர்கள். அவர்களாகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

7. சைவம், மது, கொட்டை: இதைத் தவறவிடாதீர்கள்

நம்மவர்கள் அதிகம் சங்கடப்படும் இடம் இது. ஒவ்வாமை தரும் 14 பொருள்களின் விவரம் எல்லாக் கடையிலும் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். பால், முட்டை, கொட்டை வகை, சோயா, கோதுமை எல்லாம் அதில் வரும். அட்டவணையைப் பார்த்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மது அந்த 14-இல் இல்லை. பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் இல்லை.

ஆகவே வாயைத் திறந்து கேட்க வேண்டும். மது இல்லாமல் என்பதற்கு சான் அல்கோல். ஜெலட்டின் பெரும்பாலும் கிமோவ் என்ற மார்ஷ்மெலோ வகையில் இருக்கும். கூம்பு வடிவில் ஊதா நிறத்தில் விற்கும் கியூபர்டோன் மிட்டாயிலும் இருக்கலாம். அது சாக்லேட் கடைகளிலேயே பக்கத்தில் வைத்திருப்பதால் பலர் கவனிக்காமல் வாங்குகிறார்கள். முட்டை கூடாது என்றால் வெண்ணெய்க் க்ரீம் வைத்தவற்றைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் பெல்ஜியப் பிரலின்களை நம்ப வேண்டாம். ஹேசல்நட் இல்லாத பிரலின் கடை இங்கே இல்லை என்றே சொல்லலாம். ஒரே மேசையில்தான் எல்லாம் தயாராகும். உறை பிரிக்காத பட்டைகளில் எழுதியிருப்பதைப் படித்துத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

8. சுவைக்கும் வரிசை

அன்று காலைச் சாப்பாடு லேசாக இருக்கட்டும், காரம் வேண்டாம். காபி குடித்தால் அரை மணி நேரம் விடுங்கள். பூரணமில்லாத டார்க் பட்டை முதலில், அப்புறம் மில்க், அப்புறம் பிரலின். பிரலின்களிலும் ஹேசல்நட் போன்ற கொட்டையின் விழுது வைத்தது முன்னால், க்ரீமில் செய்த கனாஷ் அடுத்து, மசாலாவோ மதுவோ கலந்தது கடைசி. வலுவான வாசனை ஒரு முறை நாக்கில் ஏறிவிட்டால் மெல்லிய வாசனை பிடிபடாது.

துண்டை முதலில் பாருங்கள். பளபளப்பு சீராக இருக்க வேண்டும். பட்டை என்றால் காதருகே வைத்து உடையுங்கள். டக்கென்று ஒடிய வேண்டும். வாயில் போட்டதும் தொடர்ந்து மெல்லாமல், ஓரிரு கடிக்குப் பிறகு உருக விடுங்கள். முதலில் வருவது இனிப்போ புளிப்போ, கசப்பு பின்னால் வரும், அதற்கும் பின்னால்தான் பழம், மரப்பட்டை, மண் போன்ற வாசனைகள். உடனே கடித்து விழுங்குபவர்களுக்கு அந்தக் கடைசிப் பகுதி கிடைப்பதே இல்லை. ஒரு துண்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு வாய் தண்ணீர், ஒரு கடி பிஸ்கட். தண்ணீர் ஜில்லென்று வேண்டாம். நாக்கு மரத்துவிடும், கோக்கோ வெண்ணெய் வாயில் உறைந்துபோகும்.

பிடித்த துண்டைப் பெயர்ப் பலகையோடு போனில் படம் எடுத்து வையுங்கள். மாலையில் பெயர்கள் எல்லாம் குழம்பிவிடும்; இந்தப் படங்கள்தான் மூன்றாம் நாளின் பட்டியல்.

9. உறையைப் படிக்கும் விதம்

பொருள்கள் எடை வரிசையில் எழுதியிருக்கும். சர்க்கரை முதலில் இருந்தால் அதுதான் அதிகம். ஐரோப்பிய விதிப்படி டார்க் சாக்லேட்டில் கோக்கோ குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும். நல்ல பட்டைகள் 60, 70-க்கு மேல் இருக்கும். அந்தச் சதவீதத்தில் கோக்கோ வெண்ணெயும் சேரும். அதனால் ஒரே 70 சதவீதம் போட்ட இரண்டு பட்டைகளில் ஒன்று வழவழப்பாகவும் இன்னொன்று கடுமையாகவும் இருப்பது இயல்பு.

கோக்கோ வெண்ணெய் தவிர வேறு தாவரக் கொழுப்பை 5 சதவீதம் வரை சேர்க்க அனுமதி உண்டு, ஆனால் உறையில் சொல்லியாக வேண்டும். பாமாயில் என்று கண்டால் அது சாக்லேட்டிலா, பூரணத்திலா என்று பாருங்கள். கொட்டை விழுதின் செலவைக் குறைக்கப் பூரணத்தில் அதைச் சேர்ப்பவர்கள் உண்டு. தேதி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இருக்கும்.

10. மூன்றாம் நாள்: வாங்குதல்

பரிசுக்கு நிறைய வேண்டும் என்றால் காலையில் ஆலைக் கடைக்குப் போங்கள். நியூஹவுஸின் ஆலைக் கடை நகருக்கு வெளியே வ்லெசன்பேக் என்ற ஊரில். 5-ஆம் மெட்ரோ தடத்தின் கடைசி நிலையமான எராஸ்மிலிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். லியோனிடாஸின் ஆலைக் கடை நகருக்குள்ளேயே அண்டர்லெக்ட் பகுதியில். ஞாயிற்றுக்கிழமையை நம்பிப் போகாதீர்கள். திறக்கும் நேரத்தைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

விலை குறைவதற்குக் காரணங்கள் உண்டு: வடிவம் பிசகியவை, பருவம் முடிந்த பெட்டிகள், தேதி நெருங்கியவை. முதல் இரண்டும் சுவையைத் தொடாது, தாராளமாக எடுங்கள். மூன்றாவதை ஊருக்குப் போய்ச் சேரும் நாளோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கள். இரண்டே பெட்டி வேண்டும் என்பவர்கள் அங்கே போக வேண்டியதில்லை. மிச்சமாகும் காசு டாக்ஸிக்கும் நேரத்துக்கும் சரியாகிவிடும்.

அலுவலகத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுக்க, தெலேஸ், காரஃபூர், கோல்ருய்ட் போன்ற சூப்பர் மார்க்கெட்களில் கோட் டோர், கலேர் பட்டைகளை வாங்குங்கள். சுற்றுலாத் தெருவைவிட மலிவு, பல மாதம் தாங்கும். நல்ல பிரலின் பெட்டியை, அதை உட்கார்ந்து ரசிக்கக்கூடிய இரண்டு மூன்று பேருக்கு மட்டும் வாங்குங்கள். கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலையில் வாங்கினால் போதும். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். க்ரீம் சேர்ந்தவை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் போகாது, சிலவற்றுக்கு ஒரு வாரமே அதிகம்.

பெரிய கடைகளின் பெட்டிகள் விமான நிலையத்திலும் கிடைக்கும். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியே வாங்கலாம், எடையும் பெட்டியில் ஏறாது. நகரக் கடைகளில் உங்கள் பணத்தை அங்கே மட்டும் கிடைப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

11. ஊர் வந்து சேரும்வரை

ஓட்டல் அறையில் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். 15 முதல் 18 டிகிரி இருக்கும் மூலை நல்லது. பெரும்பாலும் அது ஜன்னலோரம், நேர் வெயில் படாத பக்கம்.

விமானத்தில் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பெட்டி விமானத்துக்குள் குளிராகத்தான் இருக்கும். வளைகுடா நிலையங்களில் வண்டி மாறும்போது ஓடுதளத்து வெயிலில் காத்திருக்கும் நேரம்தான் ஆபத்து. ரொட்டியில் தடவும் சாக்லேட் விழுது மட்டும் கைப்பையில் கூடாது. திரவத்துக்கான 100 மில்லி விதி அதற்கும் பொருந்தும், சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். அதைச் சரக்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.

சென்னையிலோ மதுரையிலோ கோடையில் வந்து இறங்கினால், விமான நிலையத்திலிருந்து வீடு வரையான கார் பயணத்தை மறக்காதீர்கள். சாக்லேட் பையை டிக்கியில் போடாமல் ஏசி காற்று வரும் இடத்தில் வையுங்கள். சரியாகப் பதம் பார்த்த சாக்லேட் 34 டிகிரிக்கு அருகில் உருகும். அதற்குச் சில டிகிரி முன்பே இளகத் தொடங்கிவிடும்.

வீட்டில் ஃப்ரிட்ஜ்தான் வழி. ஆனால் அப்படியே உள்ளே வைக்கக் கூடாது. ஈரம் படிந்து மேலே சர்க்கரை பூக்கும், சாம்பார் வாசனையும் ஏறும். ஜிப் கவரில் போட்டு, அதைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, கதவுப் பக்கத் தட்டில் வையுங்கள். அங்கே குளிர் குறைவு. சாப்பிட எடுக்கும்போது டப்பாவைத் திறக்காமலேயே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறங்கள். குளிர்ந்த சாக்லேட்டின் மேல் நம்மூர்க் காற்று பட்டதும் தண்ணீர் முத்துமுத்தாகப் பூத்துவிடும்.

இவ்வளவு செய்தும் பட்டை ஒன்று உருகி உறைந்து வெள்ளை படிந்திருந்தால் தூக்கி எறியாதீர்கள். அது பூஞ்சணம் அல்ல, மேலே வந்து உறைந்த கோக்கோ வெண்ணெய். சாப்பிடுவதில் கெடுதல் இல்லை, பளபளப்பும் ஒடியும் சத்தமும்தான் போயிருக்கும். துருவி, கொதித்து இறக்கிய பாலில் போட்டு நன்றாகக் கலக்குங்கள். ஒரு டம்ளர் பாலுக்கு 25 கிராம் அளவு சரியாக இருக்கும், சர்க்கரை தனியாக வேண்டாம். க்ரீம் பூரணம் வைத்தது உருகியிருந்தால் மட்டும் ஆசைப்படாமல் ஒதுக்கிவிடுங்கள்.